வாரியம் நியமித்த தாய்மாமன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பண்பாட்டுக் கலப்பு மேம்பாட்டு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. பல இனத்து மக்களும் ஒருவரோடு ஒருவர் பழகி, ஒருவர் வழக்கத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டு, புதிதாக ஒரு வாழ்க்கையை உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். வாரியத்தில் அதிகாரிகள் ஓர் அறையில் சாப்பிடுவார்கள். எழுத்தர்கள் வேறோர் அறையில் சாப்பிடுவார்கள். ஓட்டுநர்கள் வேப்பமரத்தடியில் சாப்பிடுவார்கள். தொடங்கிய நாளிலிருந்து ஓர் ஊறுகாய்த் துண்டுகூட ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போனதில்லை என்று சொல்கிறார்கள்.

கருத்தரங்கு நடத்தினார்கள், பேரணி நடத்தினார்கள், கலப்பு என்ற தலைப்பில் கோலப்போட்டி நடத்தி நான்கு நிறங்களுக்கு மேல் போடக் கூடாது என்று விதித்தார்கள். ஆனால் நிஜமாகவே கலந்த மனிதர் ஒருவரையும் அவர்கள் நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் வரவில்லை. ராஜவேல் தானாகப் போய் மாட்டிக்கொள்ளும் வரைக்கும் நிலைமை இப்படித்தான் இருந்தது.

ராஜவேல் குமராட்சியிலிருந்து சிதம்பரத்துக்கு மினிபஸ் ஓட்டுகிறவன். நான் அந்த பஸ்ஸில் தினமும் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறவன். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டு எனக்கு என்று எழுதாத சட்டம். அதனால் அவன் குடும்பக் கதை எனக்கு அவனைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த ஒரு வருஷம், மருத்துவ முகாமுக்காக சிதம்பரத்திலிருந்து நர்ஸ்களை அவன் பஸ்ஸில்தான் ஏற்றி வந்தார்கள். அதில் ஒருத்தி லால்ரின்புயி. மிசோரம் பெண். படிக்க வந்து, படித்து முடித்து, சிதம்பரத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அன்று பஸ் முழங்கால் தண்ணீரில் நின்றுபோனது. தண்ணீர் வடிந்தது, பஸ் கிளம்பிவிட்டது, ராஜவேல் மட்டும் அங்கேயே நின்றுபோனான். அடுத்த வருஷம் பதிவுத் திருமணம்.

அவள் தமிழ் கற்றுக்கொண்டது அந்த பஸ்ஸில்தான். அவள் முதலில் சரளமாகச் சொன்ன வாக்கியம், "சில்லறை வச்சிக்கிட்டு ஏறுங்க" என்பது. ராஜவேலும் சும்மா இருக்கவில்லை. கருவாட்டுக் குழம்பில் மூங்கில் குருத்துப் போட்டால்தான் இப்போது அவனுக்குச் சோறு இறங்கும். டிசம்பரில் வாசலில் கட்டும் காகித நட்சத்திரத்தைப் பொங்கல் வரை அவிழ்ப்பதில்லை, ஏனென்றால் அதன் வெளிச்சத்தில்தான் விடிகாலையில் பொங்கல் பானை வைப்பார்கள். பெண் குழந்தை பிறந்தது. வெண்மதி என்று பெயர் வைத்தார்கள். மிசோ மொழியில் தாய்மாமனை 'பூ' என்பார்களாம். நம் ஊரில் மாமா. வீடியோ காலில் தெரியும் தன் மாமனைக் குழந்தை 'பூமாமா' என்று கூப்பிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு ரின்புயி பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. அப்போது அங்கே மண்சரிந்து ரோடு மூடிக் கிடந்தது. அதை யாரிடம் போய் விளக்குவது? ராஜவேலுக்கு அப்பா இல்லை, பெரியப்பா சடையப்பன்தான் எல்லாம். பங்காளிகள் அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பதா முறைப்பதா என்று முடிவு செய்வார்கள். அவர் கெட்டவர் இல்லை. வந்தால் மோர் குடிப்பார், குழந்தையைக் கொஞ்சுவார், ஆனால் கை நனைக்க மாட்டார். "அண்ணன் தம்பி யாருன்னே தெரியாத பொண்ணு. தாய்மாமன் இல்லாத காதுகுத்து என்னா காதுகுத்து? மாமன் வரட்டும், மடியில உக்கார வைக்கட்டும், நான் பந்தியில உக்கார்றேன்" என்று சொல்லிவிட்டார்.

இந்த வார்த்தை ரின்புயிக்குத் தைத்துவிட்டது. "நானும் கூடப் பொறந்தவங்களோட பொறந்தவதாங்க. அது இந்த ஊருக்குத் தெரியணும்" என்று ராஜவேலிடம் சொன்னாள். ஊரில் இருக்கும் அண்ணன் லால்சங்காவுக்கு போன் பறந்தது. மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். சிதம்பரத்தில் மண்டபம் பிடித்தார்கள். பத்திரிகையில் 'தாய்மாமன் லால்சங்கா அவர்களின் மடியில் அமர்த்தி' என்று கொட்டை எழுத்தில் அடித்து, எனக்குக்கூட ஒன்று கொடுத்தார்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும். மண்டபத்து மேனேஜர் கூப்பிட்டு, அதே ஞாயிற்றுக்கிழமை வாரியம் கலப்புத் திருவிழா நடத்தப் போகிறது, மண்டபம் அவர்களுக்குப் போய்விட்டது என்றார். முகூர்த்த நாளில் வேறு மண்டபம் எங்கே கிடைக்கும்? ராஜவேல் பஸ்ஸை மாற்று டிரைவரிடம் கொடுத்துவிட்டுக் கடலூருக்கு ஓடினான்.

வாரியத்தின் இயக்குநர் செந்தமிழ்செல்வன் முதலில் தலையை நிமிர்த்தவில்லை. "அரசு நிகழ்ச்சிய மாத்த முடியாதுப்பா" என்றார்.

"சார், என் சம்சாரம் மிசோரம். அவுங்க அண்ணன் அங்கேருந்து வர டிக்கெட்டு எடுத்துட்டாரு. பத்திரிகை எல்லாம் குடுத்தாச்சி சார்."

இயக்குநர் பேனாவை மூடினார். எழுந்து வந்து ராஜவேலைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார். "நீ தமிழன். அவுங்க மிசோ. காதுகுத்து. அப்ப நீங்க நிஜமாவே கலந்தவங்களா?" என்று கேட்டார். பல வருஷமாகத் தவளையைப் பற்றிப் பாடம் எடுத்தவர் முதன்முதலாக ஒரு தவளையைப் பார்த்ததுபோல இருந்ததாம், ராஜவேல் சொன்னான்.

மண்டபம் திரும்பக் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. காதுகுத்து வாரியத் திருவிழாவின் முக்கிய நிகழ்ச்சியாக நடக்கும். ராஜவேல் கும்பிட்டுவிட்டு வந்தான். ஜீப்பில் வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லும் நரம்பு அவன் உடம்பில் கிடையாது.

அடுத்த வாரமே இயக்குநர் ஆய்வுக்கு வந்துவிட்டார். பின்னால் அளவு நாடாவோடு ஓர் உதவியாளர்.

"வாங்க சார், உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கிறீங்களா?" என்றாள் ரின்புயி.

இயக்குநரின் முகம் வாடிவிட்டது. "அம்மா இவ்ளோ தமிழ் பேசுவாங்கன்னு நீ சொல்லவே இல்லியேப்பா."

"பேசுவா சார். நான் ஒன்னு சொன்னா ஒம்போது சொல்லுவா."

"கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. மேடையில கொறைச்சிக்கணும். நடுநடுவுல தடுமாறணும். அப்பதான் கத்துக்கிட்டு வர்றாங்கன்னு ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும். முழுசாக் கத்துக்கிட்டாங்கன்னா வந்த வேலை முடிஞ்சிதுன்னு எழுந்து போயிடுவாங்க."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இயக்குநர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இதுல எது தமிழ், எது மிசோ?"

"கொழம்பு சார்" என்றான் ராஜவேல்.

"அது தெரியுது. பிரிச்சிச் சொல்லு."

"கருவாடு இங்க வாங்குனது. குருத்து எங்க அண்ணன் அனுப்புனது. ஆனா பிரிச்சா அது கொழம்பா இருக்காதுங்களே சார்" என்றாள் ரின்புயி.

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "அங்கதாம்மா நீங்க தப்புப் பண்றீங்க. விழா அன்னிக்குக் கருவாட்டத் தனியா ஆக்கணும். குருத்தத் தனியா அவிக்கணும். ரெண்டையும் மேடையில வச்சி, தலைவர் தன் கையால கலக்குவாரு. கலக்குறது வாரியத்தோட வேலை. நீங்க பாட்டுக்கு வீட்டுலயே கலந்துக்கிட்டா அப்புறம் வாரியம் எதுக்கு?"

ரின்புயி மூடியை வாங்கிக் குழம்பை மூடினாள்.

வாசல் நட்சத்திரத்தைப் பார்த்தார். மாவிலைத் தோரணமும் அதே ஆணியில் தொங்குவதைப் பார்த்து, இரண்டுக்கும் வேறுவேறு ஆணி அடிக்கச் சொன்னார். குழந்தையைப் பார்த்தார். ஜாடை அப்பா பக்கமா அம்மா பக்கமா என்று நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தெளிவில்லை" என்று உதவியாளரிடம் சொன்னார். குழந்தை அவர் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது.

ரின்புயி பொறுக்க முடியாமல் சொன்னாள். "சார், நான் கேட்டது மண்டபம். என் அண்ணன் வர்றாங்க. அவுங்க மடியில என் பொண்ண உக்கார வச்சிக் காது குத்தணும். எங்க பெரிய மாமனாரு அதக் கண்ணால பாக்கணும். வேற ஒன்னும் எனக்கு வேணாம்."

"தாராளமா நடக்கும்மா. மடிக்கு வாரியம் பொறுப்பு" என்றார் இயக்குநர்.

விழாவுக்கு முந்தின நாள் லால்சங்கா சிதம்பரம் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். மலையிலிருந்து ஜீப், அப்புறம் ரயிலுக்கு மேல் ரயில். ரயிலிலேயே முகம் கழுவி வேட்டி கட்டிக்கொண்டுதான் இறங்கினான். அவிழ்ந்துவிடுமோ என்று அதன்மேல் பெல்ட் போட்டிருந்தான். ஒரு காலத்தில் சென்னையில் ஹோட்டலில் வேலை பார்த்தவன், தமிழ் வரும். தங்கைக்கும் குழந்தைக்கும் கறுப்பும் சிவப்புமாகக் கோடு போட்ட கைத்தறித் துணிகள், அவர்கள் ஊரில் புவான் என்கிறார்கள். குழந்தைக்குக் குட்டிக் கம்மல். ஒரு மூட்டை உலர்ந்த குருத்து. இவை போதாதென்று மேலவீதியில் இறங்கி, தாம்பாளம், தேங்காய், பழம், பூ என்று வரிசைக்கு வேண்டியதை எல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கினான். "எல்லாம் ஒத்தப்படையில வைக்கணுமாமே மச்சான்?" என்று ராஜவேலைக் கேட்டான். ராஜவேலுக்கே அது தெரியாது.

வெண்மதி அவனை ஒரு கணம் பார்த்தது. "பூமாமா" என்று தாவிவிட்டது. அப்புறம் இறங்கவே இல்லை.

அன்று சாயங்காலம் மண்டபத்தில் ஒத்திகை. இயக்குநர் லால்சங்காவை மேலும் கீழும் பார்த்தார். "யாரு இவரு?"

"தாய்மாமன் சார்" என்றான் ராஜவேல்.

"மிசோ மாமன் எங்க?"

"அவருதான் சார் இவரு."

"எறகு எங்க? மூங்கில் எங்க? ஈட்டி மாதிரி ஏதாச்சும்?"

லால்சங்கா பணிவாகவே பதில் சொன்னான். "நான் ஊர்ல பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் குடுக்குறேன் சார். எறகு வச்சிக்கிட்டா பந்தத் தலையால முட்ட முடியாது."

இயக்குநர் ராஜவேலைத் தனியாக அழைத்துப் போனார். "இவரப் பாத்தா யாரும் மிசோன்னு சொல்ல மாட்டாங்க. வேட்டி கட்டி, வரிசை எடுத்துக்கிட்டு, தமிழும் பேசுனா ஏற்கெனவே கலந்துட்ட மாதிரி இருக்கு. ஏற்கெனவே கலந்தவர வச்சிக்கிட்டு நாங்க எதக் கலக்குறது? மேல இருந்து ஆளுங்க வர்றாங்கப்பா. நான் ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

ஏற்பாடு வாசலில் வந்து நின்றது. அண்ணாகிராமத்துப் பக்கிரி. சீசனில் பலாப்பழ லோடு ஏற்றுவான், மற்ற நாளில் கூத்துக் கட்டுவான். தலையில் வான்கோழி இறகு, முகத்தில் மஞ்சளும் சிவப்பும், கையில் மூங்கில் கழி. அவனுக்கு வாரியம் பிரதிநிதித்துவத் தாய்மாமன் என்று பதவி கொடுத்திருந்தது. நிஜ மாமன் மறுநாள் பந்தியறைப் பக்கம் இருந்துகொள்ளலாம் என்றும், மேடைப் பக்கம் வந்து நிகழ்ச்சியின் உண்மைத் தன்மையைக் கெடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளப்பட்டது. ஒப்பாவிட்டால் மண்டபம் இல்லை.

ராஜவேல் ஒப்புக்கொண்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. பத்திரிகை வாங்கிய சனம் வாசலில் வந்து நின்றால் எங்கே உட்கார வைப்பது என்ற ஒரே யோசனைதான் மண்டையில் ஓடியது. லால்சங்கா மூட்டையை எடுத்துத் திரும்பக் கட்டினான். ரின்புயிதான் கேட்டாள்.

"நாளைக்குப் பெரிய மாமா வந்து எறகு வச்ச ஆளப் பாத்தா என்னாங்க நெனப்பாரு? பாவம் இந்தப் பொண்ணு, அண்ணனும் வாடகைக்குத்தான்னு நெனப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மண்டபத்துக்குப் போனபோதுதான் அளவு நாடா எதற்கு என்று புரிந்தது. மண்டபத்தை நடுவில் சரியாக அளந்து, வாசலிலிருந்து மேடை வரை ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். இடப்பக்கம் 'தமிழ்ப் பண்பாடு'. வலப்பக்கம் 'மிசோ பண்பாடு'. மேடையில் கயிறு முடிகிற இடத்தில் சாக்பீஸில் ஒரு வட்டம், அதில் 'கலக்குமிடம்'. கயிற்றில் வரிசையாகச் சின்ன அட்டைகள் தொங்கின: 'தலைவர் வரும் வரை தயவுசெய்து கலக்காதீர்கள்'.

ராஜவேல் பட்டு வேட்டியோடு இடப்பக்கம் உட்கார்ந்தான். ரின்புயி வலப்பக்கம். மிசோ பக்கத்தில் அவளைத் தவிர ஆள் இல்லாததால், அது காலியாகத் தெரியக் கூடாது என்று குமராட்சிப் பங்காளிகளிலும் ஊர்க்காரர்களிலும் பாதிப் பேரை அங்கே உட்கார வைத்தார்கள். என் தலையெழுத்து, நான் அன்று மிசோவாக இருந்தேன். என் மனைவி தமிழாக இருந்தாள். வீட்டுச் சாவி அவளிடம் இருக்கிறதா என்று கேட்கக்கூட முடியவில்லை.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் அதிகாரிகளுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. கடைசியில் கயிற்றுக்கு அடியில் ஒரு முக்காலி போட்டு, ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் என்று உட்கார வைத்தார்கள். குழந்தை கயிற்றைக் கடித்துப் பார்த்தது.

சடையப்பன் முன்வரிசையில், தோளில் துண்டோடு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேளம் கொட்ட, இறகு ஆட, பக்கிரி மேடைக்கு வந்தான்.

"யாருடா இது?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"பத்திரிகையில போட்டிருக்கே, தாய்மாமன்."

சடையப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இவன் அண்ணாகிராமத்துப் பக்கிரிடா. போன வருஷம் நம்ம ஊருக் கூத்துல அரக்கனா வந்தவன். விடியக்காத்தால நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன்."

அவர் ரின்புயியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குள் தலைவர் ராமாமிர்தம் மைக்கைப் பிடித்துவிட்டார். அவர் கையில் மைக் போனால் திரும்பி வருவது அரிது. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் காது குத்தியாக வேண்டும். பத்தர் ஊசியை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"பெரியோர்களே! கலப்பு என்றால் பாலும் தண்ணீரும் கலப்பதல்ல. அப்படிக் கலந்தால் எது பால், எது தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? அதற்குப் பெயர் கலப்படம்! கலப்பு என்பது, பால் ஒரு குடம், தண்ணீர் ஒரு குடம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்வது!"

கைதட்டினார்கள். மிசோ பக்கத்தில் நாங்களும் தட்டினோம்.

"சிலர் என்னைக் கேட்கிறார்கள், ஐயா, நீங்கள் கலப்புக்குத் தலைவராக இருந்துகொண்டு உங்கள் மூன்று பெண்களையும் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்தீர்களே என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். எல்லோரும் கலந்துவிட்டால், நாளைக்குக் கலப்பதற்கு ஆள் வேண்டாமா? கலக்காத ஆள் கையிருப்பில் இருக்க வேண்டாமா? அந்தக் கையிருப்பை என் குடும்பம் தியாக உணர்வோடு பாதுகாத்து வருகிறது! மூத்த மாப்பிள்ளைக்கு ஜாதகம் பதினாறு இடத்தில் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடக் கலப்பு வரவில்லை. இதைவிடக் கலப்புக்கு ஒருவன் என்ன தொண்டு செய்ய முடியும்?"

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் மூச்சு வாங்கிய நேரத்தில் குழந்தையைத் தூக்கிப் பக்கிரியின் மடியில் வைத்தார்கள். வெண்மதி நிமிர்ந்து பார்த்தது. இறகு மூக்கில் பட்டது. ஒரு தும்மல் போட்டது. அடுத்து, மண்டபத்து விளக்கெல்லாம் அதிர்கிற மாதிரி ஒரே வீறல். பக்கிரி பாவம், "ஆரிராரோ" என்று தொடங்கினான். அவன் குரல் அரக்கன் குரல். குழந்தை வழுக்கி இறங்கி, மேடைப் படியில் தவழ்ந்து, கயிற்றுக்கு அடியில் புகுந்து, "பூமாமா, பூமாமா" என்று கத்திக்கொண்டு பந்தியறைப் பக்கம் தத்தித் தத்தி ஓடியது. கயிறு பெரியவர்களின் இடுப்பு உயரத்துக்குக் கட்டப்பட்டது. குழந்தைகள் விஷயத்தை வாரியம் யோசிக்கவில்லை.

"யாரும் பதற்றப்பட வேண்டாம்! இடைப்பட்ட நேரத்தில் என் உரையின் இரண்டாம் பகுதியைத் தொடர்கிறேன்" என்றார் தலைவர்.

சடையப்பன் எழுந்தார். கயிற்றைக் கையால் தூக்கிக் குனிந்து, குழந்தை போன வழியே போனார். பெரியவர் எழுந்தால் பங்காளிகள் உட்கார முடியுமா? நாங்களும் போனோம்.

பந்தியறையில் லால்சங்கா, வேட்டிமேல் பெல்ட்டோடு, தரையில் உட்கார்ந்து சமையல்காரருக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். குழந்தை போய் அவன் மடியில் விழுந்து முகத்தைப் புதைத்துக்கொண்டது. அழுகை நின்றுவிட்டது. பக்கத்தில் தாம்பாளங்கள், ஒத்தைப்படையில், மேடைக்குப் போகக் கொடுத்துவைக்காமல் அடுக்கியபடியே இருந்தன.

சடையப்பன் எதிரே போய் நின்றார். "தம்பி யாரு?"

"ரின்புயி அண்ணங்க. பேரு லால்சங்கா." எழுந்திருக்கப் பார்த்தான். குழந்தை விடவில்லை.

"எங்கேருந்து வரீங்க?"

"ஐசால் பக்கத்துலேருந்துங்க. கல்யாணத்துக்கே வந்திருக்கணும். மலை சரிஞ்சி ரோடு இல்லாமப் போச்சி. மன்னிச்சிக்கணும்."

சடையப்பன் தாம்பாளங்களைப் பார்த்தார். பழம், பூ, தேங்காய், கோடு போட்ட துணி, உலர்ந்த குருத்து. பெல்ட்டைப் பார்த்தார். வெங்காயத்தைப் பார்த்தார். "மாமன்காரன அடுப்படியில உக்கார வச்சிட்டு, அங்க என்னாடா கூத்து நடத்துறீங்க?" என்று ராஜவேலிடம் பாய்ந்தார். ராஜவேலுக்கு அதைவிட இனிமையான திட்டு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

அந்த நேரம் பின்வாசல் வழியாகப் பக்கிரி வந்தான். இறகைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தான். இன்னொரு கையில் பத்தரைப் பிடித்து இழுத்து வந்தான். "நல்ல நேரம் போவுதுங்க. அந்த மடி வேலை எனக்குத் தோதுப்படல. நீங்க ஆவட்டும்" என்றான்.

சமையல்காரர் ஒரு பலகையைக் கழுவிப் போட்டார். லால்சங்கா உட்கார்ந்தான். ரின்புயி ஓடி வந்து குழந்தையின் வாயில் சர்க்கரையைப் போட்டாள். ஊசி இறங்கியது. வெண்மதி ஒரு சின்ன விசும்பலோடு சர்க்கரையைச் சப்பியது. ஓவென்று அழுதவன் லால்சங்காதான். "மாமனுக்குத்தான் மொதல்ல குத்தியிருக்கணும் போல" என்று யாரோ சொல்ல, சிரிப்பு. அண்ணனைப் பார்த்து ரின்புயியும் அழுதாள், சிரித்துக்கொண்டே.

சடையப்பன் தோள் துண்டை எடுத்து உதறி, லால்சங்கா தலையில் கட்டினார். சம்பந்தி வீட்டுக்காரனுக்கு எங்கள் பக்கம் செய்கிற மரியாதை அது. கட்டி முடித்து, "எலையப் போடுங்கடா" என்றார். முதல் இலையில் அவரே உட்கார்ந்தார். கருவாட்டைத் தனியாகவும் குருத்தைத் தனியாகவும் ஆக்கி மேடைக்கு வைத்திருந்தார்கள் அல்லவா, இரண்டையும் சமையல்காரர் ஒரே அண்டாவில் கவிழ்த்து, புளி ஊற்றிக் கொதிக்கவிட்டிருந்தார். பெரியப்பா மறுசோறு வாங்கினார்.

மாமன் சாப்பிட வேண்டும், குழந்தையோ கழுத்தை விடவில்லை. லால்சங்கா புவான் துணி ஒன்றை உதறினான். குழந்தையை முதுகில் போட்டு, துணியைச் சுற்றி, மார்பில் ஒரு முடிச்சுப் போட்டான். அவர்கள் ஊரில் அப்படித்தானாம். குழந்தை ஒட்டிக்கொண்டது, கண்ணை மூடியது. அவன் இரண்டு கையும் வீசி வந்து இலையில் உட்கார்ந்தான்.

சடையப்பன் சோற்றை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட, கை ரெண்டும் சும்மா இருக்குதே" என்றார்.

கைகழுவி நாங்கள் வெளியே வரும்போது தலைவர் உரையின் மூன்றாம் பகுதியில் இருந்தார். மண்டபத்தில் அதிகாரிகள் மட்டும், கயிற்றுக்கு இரண்டு பக்கமும் பதவி வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் ஓடிவந்து, படம் எடுக்க வேண்டும், இன்னொரு முறை குத்த முடியுமா என்று கேட்டார். காது இரண்டும் முடிந்துவிட்டது என்றான் ராஜவேல். "அப்ப மூக்கு?" என்றார் இயக்குநர். அப்போதுதான் ராஜவேல் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஜீப்பில் வந்த ஒருவரிடம், "முடியாது சார்" என்று சொன்னான். வானம் இடிந்து விழவில்லை.

விழா மாபெரும் வெற்றி என்று வாரியம் அறிவித்துக்கொண்டது. பொம்மையை மடியில் வைத்தபடி பக்கிரி உட்கார்ந்திருக்கும் படமும் வந்தது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் குழந்தை குமராட்சியில் பெரிய தாத்தா வீட்டில். போன வாரம் நான் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வாரியத்து ஜீப் வந்து நின்றது. கலப்பு எந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது என்று தொடர் ஆய்வாம். இயக்குநர் இறங்கினார், பின்னால் அளவு நாடா இறங்கியது.

எதிரே சடையப்பன் வந்துகொண்டிருந்தார். லால்சங்கா விட்டுப்போன புவானில் வெண்மதியை முதுகில் கட்டி, மார்பில் முடிச்சுப் போட்டு, ஒரு கையில் கீரைக்கட்டு, ஒரு கையில் குடை. முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று அதன்மேல் ஒரு பெல்ட்.

இயக்குநர் பரபரப்பாக வழிமறித்தார். "ஐயா, ஐயா! இது எந்தப் பண்பாட்டுல வருது? தமிழா, மிசோவா? எங்க குறிச்சிக்கிறது?"

சடையப்பன் நின்றார். உதட்டில் விரலை வைத்தார்.

"புள்ள தூங்குது. கத்தாதீங்க."